ஒரு கணினி, இரு வாயில்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளி, ஆந்திர, கர்நாடக மாநில எல்லைகளுக்கு அருகே அமைந்த ஊர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் பயிலும் மாணவர் இவ்வட்டாரத்தில் பலர். ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற அவர்கள் கணநேரமும் தயங்குவதில்லை. கணினிக்கு அத்தகைய எளிமை வாய்க்கவில்லை. ஒரே நிலைவட்டில் இரு இயக்க அமைப்புகள் குடியிருக்கலாம். எனினும் ஒரு வேளையில் ஒன்றே ஆட்சி செய்யும்.

தமிழக மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வகையும் அக்கணினிகளில் இடம்பெற்றது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே அப்பெயர். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளில் பணியாற்றும் வசதியுடன் அதனை உருவாக்கியது. கணினியே இல்லாத இல்லங்கள் பலவற்றில் இரண்டு இயக்க அமைப்புகள் ஒருசேர நுழைந்தன என்பது வியப்புக்குரியதே.

இரண்டும் எதற்கு என்று கேட்கலாம். சாலிட்வொர்க்ஸ் போன்ற பொறியியல் வடிவமைப்பு மென்பொருள் விண்டோஸுக்கென எழுதப்பட்டது. ஓசூர் போன்ற தொழில்நகரில் வேலை தேடுவோர்க்கு அவ்வகைப் பயிற்சி பயன்தரும். இணையச் சேவையகங்களுள் பெரும்பாலானவையோ லினக்ஸில் இயங்குகின்றன. அதன் மூலநிரலை எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம்.

மின்விசையை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள பயாஸ். பழைய முறையில் அது நிலைவட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அச்சிறு இடத்தில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் வட்டுப் பிரிவுகளின் அட்டவணைக்கும் உரியவை. லினக்ஸ் நிறுவப்படும்போது ‘கிரப்’ என்னும் தொடக்கநிரல் அங்கு அமர்ந்து, எதனை இயக்கலாம் என்று திரையில் பட்டியலிட்டுக் கேட்கும். சில வினாடிகளில் விடை வராவிடில், முன்னரே குறித்த ஒன்றைத் தானே தொடங்கும். விண்டோஸை மீண்டும் நிறுவினால் அவ்விடத்தில் அதன் நிரலே எழுதப்படும், கிரப் மறைந்துவிடும். லினக்ஸ் அழிந்ததாகப் பலர் எண்ணி, அதன் வட்டுப்பிரிவையும் நீக்கிவிடுகின்றனர். உண்மையில் பூட்டப்பட்டது வாயிலே. உள்ளிருக்கும் பாடக்குறிப்புகளும் படங்களும் அப்படியே இருக்கும். நேரடி யுஎஸ்பி ஒன்றால் கணினியைத் தொடங்கி, கிரப்பை மீண்டும் அமைத்தால் போதும். யுஇஎஃப்ஐ முறையில் இயங்கும் புதிய கணினிகளில் இவ்விடர்ப்பாடு குறைவு; ஒவ்வோர் இயக்க அமைப்பின் தொடக்கநிரலும் தனிக் கோப்பாக அங்கே அருகருகே தங்கும்.

கடிகாரமும் ஒரு வேடிக்கை காட்டும். தாய்ப்பலகைக் கடிகாரத்தின் நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. விண்டோஸில் காலை 10 மணி என்றிருந்தால், லினக்ஸ் அதனுடன் ஐந்தரை மணிநேரம் கூட்டிப் பிற்பகல் 3.30 என்று காட்டக்கூடும். கணினி பழுதாகவில்லை; உள்ளூர் நேரத்தையே பின்பற்றுமாறு லினக்ஸில் ஒருமுறை அமைத்தால் குழப்பம் தீரும்.

கவனமாக இருக்கவேண்டிய இடம் வேறொன்று. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பிரிவிலுள்ள கோப்புகளை லினக்ஸ் படிக்கவும் எழுதவும் வல்லது. லினக்ஸின் எக்ஸ்ட்4 பிரிவை விண்டோஸ் இயல்பாக அறியாது. எனவே பொதுக்கோப்புகளை என்டிஎஃப்எஸ் பிரிவில் வைப்பது வழக்கம். ஆனால் விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் தொடக்க வசதி, கணினியை அணைக்கும்போது தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் சேமித்துவிட்டு உறங்குகிறது. அந்நிலையில் லினக்ஸ் அப்பிரிவில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். அதனாலேயே லினக்ஸ் பெரும்பாலும் படிக்க மட்டும் இசைந்து, எழுத மறுக்கிறது. விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவிடுவது நன்று. அதுவரை, லினக்ஸுக்கு மாற விரும்புவோர் ‘ஷட் டவுன்’ என்பதற்கு மாறாக ‘ரீஸ்டார்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது விண்டோஸ் முழுமையாக விடைபெற்றுச் செல்லும்.