குடத்துக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய்

மிதிவண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விட நாம் மறப்பதில்லை. பின்சக்கரக் குடத்தை மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

மாட்டுவண்டிச் சக்கரத்தைப் போலவே மிதிவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியையும் குடம் எனலாம். என் தாத்தா தோட்டத்தில் ஓட்டிய ராலே மிதிவண்டியில் இருப்பது ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. எனும் மூன்று கியர் குடம். 1936-இல் இங்கிலாந்தில் அறிமுகமான வகை. குடத்தின் மேல் பொறித்துள்ள எண்கள் அது செய்யப்பட்ட ஆண்டைச் சொல்லும். எங்களுடையதில் 62 என்றுள்ளது. கியர் வழுக்கியதால், "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்றார் கடைக்காரர். ஆனால், குடம் தேயவில்லை; காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது?

அச்சோடு அசையாமல் நிற்கும் நடுப் பல்சக்கரத்துக்கு 20 பற்கள். அதைச் சுற்றி வருபவை நான்கு சிறு சக்கரங்கள். வெளி வளையத்துக்கு 60 பற்கள். மிதிக்கும் விசை வளையத்தில் நுழைந்து, சிறு சக்கரங்களைத் தாங்கும் கூண்டு வழியே வெளிவந்தால் வேகம் 60/80, அதாவது முக்கால் பங்கு. இது மேடேற உதவும் முதல் கியர். வழி தலைகீழானால் 80/60. அது மூன்றாம் கியர். இரண்டாவது, நேர் வேகம்.

விசையைக் குடத்துக்குக் கடத்துபவை சிறு கொக்கிகள். அவற்றை நிமிர்த்தும் ஸ்பிரிங்குகள் மிக மெல்லியவை. கெட்டிக் கிரீஸோ பழைய பிசுக்கோ பிடித்தால் கொக்கி எழாது, கியர் வழுக்கும்.

என்ன செய்யலாம்?

குடத்தின் மேலுள்ள சிறு மூடியைத் திறந்து, மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டுச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். பிறகு மாதந்தோறும் சில சொட்டுகள் போதும். சமையல் எண்ணெய் வேண்டாம்; அது நாளடைவில் பிசினாகும். எண்ணெய்த் துளை இல்லாத புதிய குடங்கள் கிரீஸ் இட்டே வருபவை. இம்முறை அவற்றுக்குப் பொருந்தாது.

அடுத்து, கேபிளைச் சரிபாருங்கள். இரண்டாம் கியரில் வைத்து, வலப்பக்க நட்டிலுள்ள துளை வழியே நோக்கினால், சிறு சங்கிலியோடு இணைந்த கம்பியின் முனை அச்சின் முனைக்குச் சமமாகத் தெரிய வேண்டும். இல்லையேல் கேபிளின் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இதில் அலட்சியம் கூடாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே விசை பிடிக்காத ஓரிடம் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது கியர் அங்கே நழுவினால், கால் வெறுமனே இறங்கும். ஓட்டுபவர் முன்னே விழுவார்.

வீட்டின் பின்புறம் பழைய மிதிவண்டி சாய்ந்து கிடந்தால், விற்கும் முன் அந்தச் சிறு மூடியைத் தேடிப் பாருங்கள்.