சேப்பாக்கத்தின் முதல் ஆல்ரவுண்டர்

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்சுக்கு ஆள் பிரிக்கும்போது முதலில் எடுபடுகிறவன் யார் என்று கவனியுங்கள். பெரிய சிக்ஸர் அடிக்கிறவனுக்கு முன்னாலேயே இன்னொருவன் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ரன் விடாமல் ரெண்டு ஓவர் போட்டுவிட்டு, நெருக்கடியில் இறங்கி இருபது ரன்னும் எடுத்துத் தருகிறவன். “அவன் ரெண்டும் பாப்பாம்லா” என்பதுதான் அவனுக்குச் சான்றிதழ். அப்படி ரெண்டும் பார்த்த ஒருவர்தான் தமிழ்நாட்டின் ரஞ்சிக் கணக்கையே தொடங்கிவைத்தார். பெயர் ஏ.ஜி.ராம்சிங். முதலெழுத்து அமிர்தசரஸைச் சொல்லும். ஆடிய ஆட்டமோ மெட்ராஸுக்கு.

1934 நவம்பர் 4. சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதிய ஆட்டம். இந்தியாவின் ரஞ்சிக் கோப்பைக் கணக்கு அன்றுதான் தொடங்கியது. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். வினாடி வினா நிகழ்ச்சிகளில் இன்றும் கேட்கப்படும் பெயர் அவருடையது. ஆனால் அன்றைய ஆட்டத்தை முடித்துவைத்தவர் ராம்சிங். முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6 விக்கெட், இரண்டாவதில் 16 ரன்னுக்கு 5. மைசூர் 48, மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் ஆட்டம் ஒரே நாளில் தீர்ந்துபோனது. 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தவரை விட்டுவிட்டு, முதல் பந்து போட்டவரை நினைவில் வைத்திருக்கிறோம். கோபாலன்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நம்முடைய ஞாபகத்தின் மீதுதான்.

ராம்சிங் போட்டது இடக்கை மெதுவீச்சு. ஆடுகளத்தை மூடிவைக்கும் வழக்கம் இல்லாத காலம் அது. மழை பெய்தால் மண் ஈரமாகும், வெயில் அடித்தால் மேல்தோல் மட்டும் காயும். அந்த அரைகுறைக் காய்ச்சலில் இடக்கைச் சுழலர் கையிலிருந்து வரும் பந்து, வலக்கை மட்டையாளரின் கால் பக்கம் விழுவதுபோல மிதந்து வந்து, தரையைக் கவ்வி, வெளிப்பக்கம் விலகி ஓடும். முன்காலை நீட்டித் தடுக்கப் போனால் மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போகும். பின்காலில் நின்றால் ஸ்டம்ப் போகும். அப்படிப்பட்ட நாளில் அவசரப்படாமல் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருப்பவன்தான் ராஜா.

இவ்வளவுதான் என்றால் நல்ல பந்துவீச்சாளர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட் 265. சராசரி 19-க்கும் கீழே. அதே மனிதர் மட்டையைப் பிடித்து 3,300 ரன்னுக்கு மேல் சேர்த்திருக்கிறார், சராசரி 35. ஆல்ரவுண்டரை எடைபோட கிரிக்கெட்காரர்கள் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள்: மட்டைச் சராசரி பந்துவீச்சுச் சராசரியைவிட அதிகமாக இருந்தால் ஆள் தேறுவார். பத்து கூடுதலாக இருந்தாலே மேல்தட்டு. ராம்சிங்குக்கு அந்த இடைவெளி 16-க்கும் மேல். ரஞ்சியில் 1,000 ரன், 100 விக்கெட் என்ற இரட்டைக் கணக்கை முதலில் முடித்தவர் என்றும் அவரைத்தான் சொல்வார்கள்.

அமெரிக்காவின் பேஸ்பாலில் இப்படிப்பட்ட ஆட்கள் தொடக்கத்தில் நிறைய இருந்தார்கள். கை ஹெக்கர் என்று ஒருவர். லூயிவில் அணிக்காக 1884-ல் பந்து வீசி 52 ஆட்டங்களை வென்றார். இரண்டே வருடத்தில், 1886-ல், அவர் ஆடிய அமெரிக்கன் அசோசியேஷன் லீகில் முதல் மட்டையாளர் பட்டமும் அவருக்கே. பிறகு வந்த பேப் ரூத்தை நம்மூரிலும் சிலருக்குத் தெரியும். பாஸ்டன் அணியில் 1916-ல் 23 ஆட்டங்களை வென்ற இடக்கை வீச்சாளர் அவர். 1919-ல் 29 ஹோம் ரன் அடித்துவிட்டார். அடுத்த வருடம் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனதும் பந்துவீச்சு கிட்டத்தட்ட நின்றேபோனது. தினம் அடிக்கக்கூடியவனை நாலு நாளைக்கு ஒருமுறை வீச வைப்பானேன் என்பது முதலாளிகளின் கணக்கு. கூட்டமும் ஹோம் ரன் பார்க்கத்தான் வந்தது.

ரூத்துக்கு ஒரு வேலையை விட்டதால் பணமும் புகழும் வந்தன. ராம்சிங் இரண்டு வேலையையும் கடைசிவரை பார்த்தார். இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. இதைச் சொன்னதும் பலர் உடனே ‘அரசியல்’ என்பார்கள். அந்தக் காலத்து இந்தியக் கிரிக்கெட்டில் அதற்குப் பஞ்சமில்லைதான். 1936-ல் இங்கிலாந்து போன அணிக்குத் தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார். ஆட்டத் திறமையைவிட செல்வாக்கால் அந்த இடத்துக்கு வந்தவர். நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தைப் பாதிச் சுற்றுப்பயணத்திலேயே ஊருக்கு அனுப்பிவைத்த அணி அது. மெட்ராஸிலிருந்து கோபாலனும், 40 வயதில் முதல் டெஸ்ட் ஆடிய சி.ராமசாமியும் அதில் போனார்கள். அதற்காகக் கோபாலன் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியைக் கைவிட்டார். ஹாக்கி அணி தங்கம் வென்று திரும்பியது. இவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. ராம்சிங்கின் பெயர் பட்டியலிலேயே இல்லை.

ஆனால் என் கணிப்பில் தேர்வாளர்களைவிடப் பெரிய எதிரி காலண்டர். 1932-ல் முதல் டெஸ்ட் ஆடிய இந்தியா, 1936 முடியும்வரை ஆடியது மொத்தமே ஏழு டெஸ்ட். அப்புறம் உலகப் போர். 1946 ஜூன் வரை ஒன்றுகூட இல்லை. 1910-ல் பிறந்த ராம்சிங்கின் இருபத்தாறு முதல் முப்பத்தாறு வரையிலான வயது முழுக்க அந்தப் பத்து வருட வெற்றிடத்தில் கழிந்தது. மறுபடி கதவு திறந்தபோது வாசலில் வினூ மன்கட் நின்றார். அவரும் இடக்கைச் சுழலர், அவரும் மட்டையாளர், ஏழு வயது இளையவர். அந்தப் போட்டியில் யார் தேர்வாளராக இருந்தாலும் மன்கட்டைத்தான் எடுத்திருப்பார்.

அதனால் ராம்சிங்குக்குக் கிடைத்த முக்கிய மேடை ரஞ்சியும், சேப்பாக்கத்தின் பொங்கல் மேட்சும்தான். ஐரோப்பியர் ஒரு பக்கம், இந்தியர் ஒரு பக்கமாக ஆடிய அந்த ஆண்டுத் திருவிழா, வெள்ளைக்காரர்கள் ஊரை விட்டுப் போனதும் ஐம்பதுகளின் தொடக்கத்தில் நின்றுபோனது.

இன்றைய நிலவரத்தில் ராம்சிங் மாதிரி ஒருவர் முளைத்தால் வேறு வகைச் சிக்கல். பேஸ்பாலில் வீச்சாளருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே தனி ஆளை இறக்கும் விதியை 1973-ல் ஒரு லீக் கொண்டுவந்தது. 2022-ல் இன்னொரு லீகும் ஏற்றுக்கொண்டது. வீச்சாளர் மட்டையைத் தொடும் தேவையே போய்விட்டது. வீச்சும் மட்டையும் இரண்டும் பார்க்கும் ஷோஹேய் ஒட்டானி மாதிரி ஒருவர் வந்தால்தான் உலகம் வாயைப் பிளக்கிறது. ஐ.பி.எல்-லில் 2023-ல் வந்த ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி அந்தப் பேஸ்பால் விதியின் தம்பிதான். பாதி ஆட்டத்தில் பந்துவீச்சாளரை எடுத்துவிட்டு மட்டையாளரை நுழைக்கலாம் என்றால், இரண்டும் அரைகுறையாகத் தெரிந்தவனை அணி ஏன் சுமக்க வேண்டும்? வாஷிங்டன் சுந்தருக்கும் சிவம் துபேவுக்கும் பந்துவீச வாய்ப்பு கிடைக்காமல் போவதைச் சொல்லி, இந்த விதி தனக்குப் பிடிக்கவில்லை என்று ரோஹித் சர்மாவே 2024-ல் வெளிப்படையாகப் பேசினார். வாஷிங்டன் சென்னைப் பையன் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தியது.

ராம்சிங்கின் வீட்டில் கிரிக்கெட் தொடர்ந்தது. மூத்த மகன் கிருபால்சிங் 1955-ல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 அடித்தார். ஆஃப் ஸ்பின்னும் போடுவார். 14 டெஸ்ட்டில் 422 ரன், 10 விக்கெட். அதே 1955-ல் மெட்ராஸ் ஹோல்கர் அணியை வீழ்த்தி முதல் ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. அவருடைய தம்பி மில்காசிங் 18 வயதில் டெஸ்ட் ஆடினார். துலீப் கோப்பையின் முதல் சதம் அவருடையது. பந்துவீச்சுக்காக மில்காவை யாரும் நினைப்பதில்லை. கிருபாலின் மகன் அர்ஜன் 1989-ல் கோவாவுக்கு எதிராக 302 நாட் அவுட். எதிர்முனையில் டபிள்யூ.வி.ராமன் 313. தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912. ஓவர்களை மெதுவாக வீசியதற்கு அபராதமாக எதிரணி கொடுத்த 52 ரன்னும் அதில் அடக்கம். தாத்தாவின் முதல் ரஞ்சி ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸும் சேர்ந்து மொத்தம் வந்ததே 237 ரன்தான்.