டயருக்குள் ஒரு பாவு

ஆரணியில் பட்டு நெசவாளரிடம் ஒரு நூலைக் கொடுத்தால், பட்டா இல்லையா என்று கொளுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பட்டு, முடி கருகும் வாடையோடு எரிந்து விரலிடையே பொடியும். நைலானும் பாலியெஸ்டரும் உருகி, நுனியில் கெட்டியாக ஒரு மணி திரளும். விபத்தில் சிக்கிய காரின் டயரை ஆராய்பவருக்கும் இந்த அறிவு வேண்டும்.

ஏனென்றால் டயர் வெறும் ரப்பர் அல்ல. உள்ளே துணி இருக்கிறது. காரின் ரேடியல் டயரில் பெரும்பாலும் பாலியெஸ்டர் முறுக்குநூல் பாவுபோல நெருங்கி ஓடும். ஊடை பேருக்குத்தான்: டயர் செய்து முடிக்கும்வரை பாவு கலையாமல் பிடித்துக்கொள்ள, எட்ட எட்ட ஒரு மெல்லிய இழை. அதன்மேல் எஃகுக் கம்பிப் பட்டைகள், அதற்கும் மேலே சாலையைத் தொடும் ரப்பர்.

"டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். வெடித்ததால் மோதியதா, மோதியதால் வெடித்ததா? காற்று குறைந்த டயர் வெகுதூரம் ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். உட்புறம் தேய்ந்து ரப்பர் தூள் கிடக்கும். நூல் உருகி ஒட்டியிருப்பதும் உண்டு. மோதலில் கிழிந்த டயரில் இந்தப் பழைய காயங்கள் இருக்காது. பெரும்பாலும் கிழிசலுக்கு நேரே ரிம்மும் நெளிந்திருக்கும்.

அடுத்தது பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பரில் வெட்டிய பள்ளங்கள். காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் என்கிறது நம் மோட்டார் வாகன விதி. பள்ளத்துக்குள் விரல் விட்டால் குறுக்கே சிறு மேடு தட்டுப்படும். மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பள்ளத்தின் வேலை மழைநீரை வெளியே தள்ளுவது. மொட்டை டயர் வேகத்தில் நீர்ப்படலத்தின்மேல் மிதக்கும். ஸ்டியரிங் திருப்பியும் வண்டி திரும்பாது. காய்ந்த தார்ச்சாலையிலோ மொட்டை டயருக்கும் பிடிப்பு நன்றாகவே இருக்கும். ஆகவே, மழை பெய்ததா என்று கேட்காமல் டயர்மேல் பழி போடுவது தவறு.

பிடிப்பைக் கணக்காகவும் போடலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும் கார், உராய்வு எண் 0.7 உள்ள காய்ந்த சாலையில் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் அது 0.4 ஆனால் 35 மீட்டர். சாலையில் பதிந்த சறுக்கல் தடத்தின் நீளத்தை அளந்து, கணக்கைத் திருப்பிப் போட்டு வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் தடம் மங்கலாகத்தான் விழும். சில நேரம் கண்ணுக்கே படாது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 136-ஆம் பிரிவு விபத்து வண்டியைப் பரிசோதிக்க வழி செய்கிறது. நாம் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்கிறோமே, அந்த மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க வருவார். அதற்குள் டயரைக் கழற்றி ஓரமாக எறிந்துவிட்டால், எது எந்தச் சக்கரம் என்றே தெரியாமல் போகும். நகர்த்துவதற்கு முன் நான்கு டயரையும் படம் பிடித்துவிட வேண்டும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கமும் படத்தில் விழட்டும்: 2319 என்றிருந்தால், அது 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்த டயர்.