கட்டையா, ஆளா?

காரங்காட்டுப் படகுத்துறையில் ஒரு மாணவி என் பக்கத்தில் நின்றிருந்தாள். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த மீனவ ஊரில், வனத்துறை ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறது. அதைப் பற்றித்தான் அவளுடைய கடைசி ஆண்டுக் கட்டுரை. நாற்பது பக்கம் குறிப்பு சேர்த்துவிட்டாள். முதல் பத்தி மட்டும் வரவில்லை.

“என்னம்மா சொல்லப்போறே?”

“காரங்காடு சுற்றுலா பத்தி, சார்.”

“அது தலைப்பு. அதுல உன் கட்சி என்ன?”

“நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு…”

பட்டிமன்ற நடுவர்கூடக் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். (இப்போதெல்லாம் அவர்களும் இரண்டு அணியையும் சிரிக்கவைத்து அனுப்பிவிடுகிறார்கள், அது வேறு கதை.)

தூரத்தில், ஆழமில்லாத தண்ணீரில் கறுப்பாக ஏதோ நின்றது. நட்டுவைத்த கம்பா, நண்டு பிடிக்கிற ஆளா? எனக்கு மணிமேகலை நினைவுக்கு வந்தது. வஞ்சி நகரத்து அளவைவாதி என்கிற தர்க்கவாதி வாயிலாக, அறிவு பிழைபடும் வழிகள் எட்டை அடுக்குகிறார் சாத்தனார். அவற்றில் ஒன்று ஐயம்: எதிரே நிற்பது கட்டையா மனிதனா என்று முடிவுக்கு வராமல் மயங்குவது. அதற்கு அடுத்தே இன்னொன்று: ஆராயாமல் கட்டையை ஆள் என்று துணிந்துவிடுவது. தயக்கம், அவசரம் இரண்டுமே அவர் கணக்கில் பிழைதான்.

படகில் கிட்டே போனோம். கம்புதான். உச்சியில் ஒரு நீர்க்காகம்.

அதே நூலின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் வாதம் செய்யும் முறையைச் சொல்லித் தருகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது முதல் கூற்று. புகை தெரிவது அதற்குக் காரணம். அடுப்படி எடுத்துக்காட்டு. அந்த முதல் கூற்றுக்கு அங்கே பெயர் ‘பக்கம்’. தர்க்கச் சொல்தான், ஆனாலும் ஒரு பக்கமாக நில் என்று சொல்வதுபோல் என் காதில் விழுகிறது.

“சுற்றுலா காட்டைக் காப்பாத்துது” என்றாள் திரும்பும்போது.

“சரி, புகை எங்கே?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு நோட்டில் எழுதினாள்: ‘படகும் வருமானமும் ஊர்க்காரர் கையில் இருக்கும்வரைதான் சுற்றுலா அலையாத்திக்குக் காவல்.’

அவள் சொன்ன நல்லது, கெட்டது இரண்டுமே இதில் இருக்கின்றன. இப்போது அவற்றுக்கு ஒரு காரணமும் கிடைத்திருக்கிறது. முக்கியமாக, ‘அதெல்லாம் இல்லை’ என்று ஒருவர் மறுக்கலாம். ‘அலையாத்திக் காடு முக்கியமானது’ என்று எழுதியிருந்தால் யார் சண்டைக்கு வருவார்கள்?

அந்த வரிக்கு உதவாத பறவைப் பட்டியல் ஏழு பக்கம் வெளியே போயிற்று. அதற்குத்தான் அவள் மிகவும் வருந்தினாள். முடிவெடுக்கத் தெரியவில்லை என்பவர்களில் பாதிப் பேருக்கு, சேர்த்ததைக் கைவிட மனம் வராததுதான் உண்மையான சிக்கல். எனக்கும் அப்படித்தான். எழுத எழுத அந்த வரி மாறலாம். மாறட்டும், அதற்காக எழுதாமல் இருக்க வேண்டாம்.

இந்த வாரம் நீங்களும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் உங்களோடு ஓயாமல் வாதாடுகிறவர் யாரோ, அவரிடம் முதலில் படித்துக் காட்டுங்கள்.

(தொடரும்)