குன்றிலிருந்து இறங்கும் பாதை

துவிச்சக்கர வண்டியோடு எனக்கு நாற்பதாண்டுப் பழக்கம் உண்டு. ஆங்கில ஆசிரியனாக இருந்த காலத்தில் காலையும் மாலையும் அதன்மீதுதான் என் போக்குவரத்து. பின்னாலே ஒரு கட்டுப் பயிற்சிக் கொப்பிகள். மழைக்காலமாயின் ஒரு கையிலே குடை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போவதற்கே வண்டி என்பது என் எண்ணம். ஆகவே, ஒரு குன்றின் உச்சிவரை வருந்தி மிதித்து ஏறி, அங்கே யாதொரு காரியமுமின்றி உடனே காட்டினூடே விழுந்தடித்து இறங்கி, மறுபடியும் ஏறுகின்ற ஒரு கூட்டத்தை முதன்முதலாகக் கண்டபோது, இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்றே நினைத்தேன்.

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் சறேப் பகுதியிலுள்ள என் மகள் வீட்டிலே தங்கியிருந்தேன். பதினேழு வயதுப் பேரனும் அக்கூட்டத்தில் ஒருவன். "அம்மப்பா, ஒருக்கால் வந்து பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ," என்றான். போனேன்.

லண்டன் மாநகருக்குத் தெற்கே, கில்போட், டோக்கிங் என்னும் இரு பட்டினங்களுக்கு இடையில், லீத் குன்று, ஹோம்பரி குன்று, பிட்ச் குன்று என மூன்று குன்றுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. லீத் குன்றின் உயரம் 294 மீற்றர்; ஹோம்பரி 261 மீற்றர். நம் மலைநாட்டைக் கண்டவர் இவற்றை மலையென்று சொல்லக் கூசுவர். எனினும் சுற்றிலும் தாழ்ந்த நிலமாதலின் இவை ஓங்கித் தோன்றுகின்றன. பைன், பேர்ச், ஓக், செஸ்நட் மரங்கள் சரிவெங்கும் செறிந்திருக்கின்றன. மரம் குறைந்த இடங்களிலே ஹெதர்ச் செடியும் பில்பெரிப் புதரும் முழங்காலளவு மண்டிக் கிடக்கின்றன. வடக்கே சுண்ணப்பாறை, தெற்கே களிமண்; நடுவிலே இக்குன்றுகள் மட்டும் மணற்பாறையால் ஆனவை. மாரியிலும் இங்கே நீர் விரைவில் வடிந்துவிடும். களிமண் நிலத்தில் சக்கரம் புதையும் தை மாசி மாதங்களிலும் இங்கே வண்டி ஓடும். மலைச்சைக்கிள்காரர் இவ்விடத்தை நாடி வருவதற்கு எழிலைக் காட்டிலும் இந்த மணலே முதற்காரணம் என்பேன்.

லீத் குன்றின் உச்சியில் ஒரு கோபுரம் இருக்கிறது. 1765இல் ரிச்சட் ஹல் என்பவர் கட்டியது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் நின்று பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. குன்று சற்றுக் குறைந்தமையால் கோபுரத்தால் நிரப்பினார். தம் உடலையும் அதன் அடியிலேயே அடக்கம் செய்வித்தார். வானம் தெளிந்த நாளில் வடக்கே லண்டனும் தெற்கே கடலின் ஒரு கீற்றும் தெரியும். குன்றின் வடபுறம் இறங்கினால் வொட்டன் என்னும் ஊர். மரம் வளர்த்தலைப்பற்றி 'சில்வா' என்ற நூலை 1664இல் வெளியிட்ட ஜோன் ஈவ்லின் பிறந்த ஊர் அது. கப்பல் கட்ட ஓக் மரம் போதாமற் போகுமே என்று கவலைப்பட்ட காலம். அவர் ஊர்க் காட்டினூடே இன்று அலுமினியச் சட்டமும் தடித்த ரயரும் கொண்ட வண்டிகள் பாய்கின்றன.

ஒரு வளைவின் ஓரத்தில், ஒரு மரக்குற்றியின்மேல் என்னை இருத்திவிட்டுப் பேரன் மேலே போனான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேலே எங்கோ சங்கிலி கலகலக்கும் ஒலி. ரயர் மண்ணை அரைக்கும் ஒலி. திடீரென மரங்களுக்கிடையிலே ஒரு நிறம் தோன்றிற்று. வண்டி வளைவின் வெளிப்புறத்து மண் அணைப்பிலே சாய்ந்து ஏறி, சுவரிலே பல்லி ஓடுவதுபோல் ஓடி, மறுகணம் கீழே மறைந்துவிட்டது. என் பேரன்தான் என்பதை அவன் போன பின்னரே அறிந்தேன். அச்சமாக இருந்தது. இன்னொரு தடவை பார்க்கவேண்டும் போலவும் இருந்தது, அதையும் மறைக்கவேண்டியதில்லை.

இப்பாதைகளுக்கு இட்ட பெயர்கள் வேடிக்கையானவை. ஒன்று 'பரிக்கே எல்லாம் நன்றாய்த் தெரியும்'. மேடும் பள்ளமுமான இன்னொன்று 'தயிர்க் கிண்ணங்கள்'. நான் தமிழாக்கினேன், ஆங்கிலத்திலும் அவற்றின் பொருள் இதுவே.

இவ்விளையாட்டு கலிபோர்னியாவிலே 1970களிற் பிறந்தது என்பர். பழைய வண்டிகளுக்குத் தடித்த ரயர் பூட்டி மலைச்சரிவில் உருட்டிய இளைஞர்களின் கதை உண்மைதான். ஆயினும் இங்கிலாந்திலே 1955ஆம் ஆண்டிலேயே, லெம்ஸ்டர் என்னும் ஊரில், தார் வீதியை வெறுத்துக் கரடுமுரடான பாதைகளிலே சைக்கிள் ஓட்டுவோர் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். அவர்கள் வண்டிகள் நான் பள்ளிக்கு மிதித்த வண்டியின் இனத்தவையே. ஓட்ட முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

இனி, நான் எழுத வந்த விடயம். கோபுரத்தடியில் தேநீர் அருந்தும்போது பேரன் முகம் வாடியிருந்தது. மெல்லக் கேட்டேன். அவனும் நண்பர் இருவரும், அவர்கள் வீட்டுக்குச் சமீபமான வேறொரு சிறு காட்டில், மாரிகாலத்துச் சனி ஞாயிறுகளிலே பாடுபட்டு ஒரு பாதை வெட்டி, நடுவிலே பாய்வதற்கு ஒரு மண்மேடும் கட்டியிருக்கிறார்கள். பங்குனியில் யாரோ அதை இயந்திரத்தால் நிரவி, குறுக்கே மரங்களை இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"எங்கடை பாதை, அம்மப்பா. நாலு மாதம் வேலை செய்தனாங்கள்."

"காடு ஆருடையது, தம்பி?"

அவன் பேசவில்லை.

அவன் மறுமொழிக்குப் பதிலாகச் சட்டத்தை நான் தேடிப் படித்தேன். இங்கிலாந்திலே தனியார் நிலத்தினூடே பொதுமக்கள் செல்லும் பாதைகள் பல உண்டு. ஆனால் அவை சாதி பிரிக்கப்பட்டவை. நடைபாதையில் நடப்பவருக்கு மாத்திரமே உரிமை. குதிரைப் பாதையிலே குதிரைக்கும் இடமுண்டு. 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம் சைக்கிளுக்கும் அங்கே இடம் கொடுத்தது. நடப்பவர்க்கும் குதிரையில் வருவோர்க்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1932இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில் தொழிலாள இளைஞர் அத்துமீறி நடந்து, சிலர் சிறை சென்ற வரலாற்றை நம்மவர் சிலர் அறிவர். அந்தக் கிளர்ச்சியின் நெடுங்காலப் பயனாக 2000ஆம் ஆண்டில் வந்த சட்டமும் மேட்டு நிலங்களிலும் புற்கரம்பைகளிலும் கால்நடையாகத் திரியும் உரிமையையே தந்தது. சாதாரண காடுகள் அதில் அடங்கா, சைக்கிளும் அடங்காது. ஸ்கொத்லாந்திலோ 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு செல்லும் சைக்கிள்காரருக்கும் காட்டைத் திறந்துவிட்டது. ஒரே தீவு, இரண்டு நியாயம்.

ஹோம்பரிக் குன்றைச் சேர்ந்த ஹேர்ட்வூட் காட்டின் கதை வேறு. அதன் உடைமையாளராயிருந்த பிறே என்பவர், 1926இலே, பொதுமக்கள் அங்கே காற்று வாங்கவும் உலாவவும் உரிமை உண்டு எனப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சைக்கிள்காரர் இன்று அங்கே ஓடுவது அவ்வுரிமையாலன்று, உடைமையாளரின் இசைவினால். உரிமைக்கும் இசைவுக்கும் உள்ள தூரம் சிறிதன்று. இசைவு கொடுத்தவர் மனம் மாறினால் பாதை இல்லை.

இக்குன்றுகளின் அடிவாரத்து அபிஞ்சரிலே வாழ்ந்தவர் நாவலாசிரியர் ஈ. எம். ஃபோஸ்ரர். இந்தியாவைப் பற்றிய தம் நாவலாற் கிடைத்த பணத்தில் அங்கே ஒரு சிறு காட்டை வாங்கி, 'எனது காடு' என்று ஒரு கட்டுரை எழுதினார். உடைமை ஒருவன் மனத்தை எவ்வாறு கனக்கச் செய்கிறது என்பதே அதன் பொருள். காட்டினூடே பொதுப்பாதை செல்வது தமக்குப் பொறுக்கவில்லை என்று தம்மையே நையாண்டி செய்துகொள்கிறார். வகுப்பிலே இக்கட்டுரையைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். அந்தக் காட்டுக்கு அருகே போவேன் என்று நினைத்ததில்லை. ஃபோஸ்ரர் அதனைத் தேசிய நம்பிக்கை நிதியத்துக்கே எழுதிவைத்துச் சென்றார்.

மறுநாள் பேரனை அழைத்துக்கொண்டு அவர்களுடைய அழிந்த பாதையைப் பார்க்கப் போனேன். அவன் பக்கம் பேசவே மனம் விரும்பிற்று. ஆனால் நிரவிய மேட்டின் அருகே ஒரு பெரிய பீச் மரத்தின் வேர் மண்வெட்டியால் வெட்டுண்டு வெளுத்துக் கிடந்தது. வெட்டியது இயந்திரமன்று, பையன்கள். பாதையும் சரிவுக்கு நேராகவே போயிருந்தது. ஒரு மாரியிலேயே மழைநீர் அதை வாய்க்கால் ஆக்கியிருந்தது. அருகே மரம் வெட்டிய ஒரு வெளி. ஆபிரிக்காவிலிருந்து மே மாதத்தில் வந்து சேரும் பக்கிக்குருவி இத்தகைய வெளிகளிலே வெறுந்தரையில் முட்டையிடும். கூடு என்று ஒன்று கட்டுவதில்லை. இவற்றைச் சொன்னேன். அவன் வேரையே பார்த்துக்கொண்டு நின்றான். மரங்களைக் குறுக்கே போட்டவர், "பிள்ளைகளே, இங்கே வேண்டாம்" என்று ஒரு பலகையாவது நாட்டியிருக்கலாம் என்பதும் என் கருத்து.

அடுத்த ஞாயிறு ஹோம்பரிச் சரிவிலே பாதை திருத்தும் தொண்டர்களோடு சேர்ந்தோம். பதினைந்து பேர் இருக்கும். மண்வெட்டி, சவள், வாளி. தலை நரைத்த ஒருவர் பையன்களுக்குக் கற்பித்த முறை, நல்ல ஆசிரியரின் முறை. பாதைக்குப் பகை சக்கரமன்று, தண்ணீர் என்றார். பாதை சரிவைக் குறுக்காக வெட்டிச் செல்லவேண்டும். அதன் வெளிவிளிம்பு உள்விளிம்பிலும் சற்றுத் தாழ்ந்திருக்கவேண்டும். இடையிடையே பாதை ஒருமுறை இறங்கி ஏறினால், அந்தப் பள்ளத்தில் நீர் வெளியேறிவிடும். அந்தத் தாழ்வு ஏறுவோருக்கு இன்பமாகவும் நீருக்கு வாயிலாகவும் இருக்கிறது. வேலைக்கிடையில் ஒரு பெண்மணி குதிரையில் வந்தார். அனைவரும் கருவிகளைத் தரையில் வைத்து, ஓரம் ஒதுங்கி, அசையாமல் நின்றனர். குதிரை போன பின்புதான் மண்வெட்டி ஒலித்தது.

பிற்பகலில் மழை பிடித்தது. பேரன் தான் வெட்டிய வடிகாலண்டை நின்றான். நீர் பாதையோடு வந்தது, தயங்கிற்று, பாதி வெளியே போயிற்று, பாதி பாதையிலேயே ஓடிற்று. அவன் மறுபடி மண்வெட்டியை எடுத்தான்.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றியதும் என் அறைக்கு வந்தான்.

"அம்மப்பா, அந்தக் காட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதவேணும். எப்பிடித் தொடங்கிறது?"

முப்பது வருடம் ஆங்கிலக் கடிதம் கற்பித்தவன் நான். விடுமுறை கேட்டு, வேலை கேட்டு, நூல் கேட்டு எழுதும் கடிதங்களெல்லாம் எனக்கு மனப்பாடம். பிறர் காட்டின் மரவேரை வெட்டியதற்கு வருந்தி, அதே காட்டிலே பாதை கேட்கும் கடிதத்துக்கு மாதிரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்று தரம் எழுதிக் கிழித்தோம். நாலாவதில் வேரைப் பற்றிய வாக்கியத்தை முதலில் வைத்தான். என்னைக் கேளாமலே வைத்தான்.

நான் ஊர் திரும்பும்வரை மறுமொழி வரவில்லை.