கத்தியில் இருக்கும் பெயர் யாருடையது?

பழைய பேனாக்கத்தி ஒன்று கைக்கு வந்தால், சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது கூர்மையை அல்ல. கத்தியை விரித்து, அலகு பிடியோடு சேருமிடத்தில் கூர் தீட்டாமல் விட்டிருக்கும் சின்னத் தட்டையான பகுதியை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். கத்தியின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. (இறகால் எழுதிய காலத்தில் அதன் நுனியைச் சீவ உதவியதால்தான் அது 'பேனா'க் கத்தி!)

இந்தத் தொழிலுக்குப் பெயர்போன ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கே கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-ல் பார்லிமென்ட் சட்டத்தால் அமைக்கப்பட்டது. எந்த முத்திரை யாருக்குச் சொந்தம் என்று பதிவு செய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்துக்கு நட்சத்திரமும் மால்டா சிலுவையும். ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் நிறுவனத்துக்கு 'ஐ எக்ஸ் எல்' என்ற மூன்று எழுத்து. ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தால் 'நானே சிறந்தவன்' என்று காதில் விழும். அந்தக் காலத்து விளம்பர மூளை!

வயதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. கிரீடத்தின் இருபுறமும் 'வி', 'ஆர்' என்றிருந்தால் அது விக்டோரியா மகாராணி காலம், அதாவது 1837-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது. 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதன் விளைவு அது. 'ஸ்டெயின்லெஸ்' என்று இருக்கிறதா? ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருவாக்கியது 1913-ல். எனவே, விக்டோரியா காலத்துக் கத்தி என்று சொல்லி 'ஸ்டெயின்லெஸ்' அலகை யாராவது நீட்டினால் உஷாராகிவிட வேண்டும். அமெரிக்காவின் 'கேஸ்' நிறுவனம் இன்னும் சுலபமாக்கியது. 1970-ல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள். ஆண்டுக்கு ஒரு புள்ளி குறையும். எண்ணிப் பார்த்தால் போதும்.

துரு பிடித்திருக்கிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. கத்தி பளபளக்கும், முத்திரை போய்விடும், மதிப்பும் கூடவே போய்விடும். எண்ணெய் தடவி ஊறவிட்டு, மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இத்தனை துப்பறிந்தும் கிடைப்பது முதலாளியின் பெயர்தான். ஷெஃபீல்டில் ஒருவர் இரும்பைக் காய்ச்சி அடிப்பார், இன்னொருவர் சாணை பிடிப்பார், மூன்றாமவர் பிடியும் ஸ்பிரிங்கும் சேர்த்துப் பூட்டுவார். 'லிட்டில் மெஸ்டர்' என்று அழைக்கப்பட்ட இவர்களில் பலர் சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, பெரிய கம்பெனிகளுக்காக உழைத்தவர்கள். சாணைக்கல் தூசியைச் சுவாசித்தே நுரையீரல் கெட்டு, இளவயதில் இறந்தவர்கள் ஏராளம். 1851 லண்டன் கண்காட்சிக்கென்று 75 அலகுகள் கொண்ட பிரமாண்ட மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தார்கள். 'நார்ஃபோக் கத்தி' என்ற அதைச் சொன்னால் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் பெயர்தான் நினைவுக்கு வருகிறது.

ஸ்டான் ஷா விதிவிலக்கு. சிறுவயதில் ஷெஃபீல்டு கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, பல முதலாளிகளின் முத்திரைக்காக உழைத்தவர். பிற்காலத்தில் தன் பெயரிலேயே கத்தி செய்தார். அலகை மடக்கினால் வெளியே தெரியும் முதுகு ஸ்பிரிங்கில், அரத்தால் ஒவ்வொரு கோடாக அவர் இழைத்த வேலைப்பாட்டுக்காக வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2021-ல், 94 வயதில் அவர் இறந்தார். அவர் கத்திகளைப் பொறுத்தவரை, லென்ஸில் தெரியும் பெயரும் செய்த கையும் ஒன்றுதான்.