வான்வழித் தூரமும் பயண நேரமும்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜான் எப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான தூரம் ஏறக்குறைய 5,540 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதால் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் வில்லாக அமைகிறது. தட்டையான வரைபடத்தில் அது வடக்கே வளைந்து, கனடாவின் நியூபவுண்ட்லாந்துப் பகுதி வழியாகச் செல்வதாகத் தெரியும்.

தூரம் ஒன்றே, நேரம் ஒன்றல்ல. நியூயார்க் செல்ல ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். திரும்புவதற்கு 7 மணி நேரமே போதும். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டமே காரணம். 2020 பிப்ரவரியில் அந்தக் காற்றின் உந்துதலால் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது.

கால அட்டவணையில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் சேருமிடத்தில் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்குச் செல்லும் நேரமும் அதில் அடக்கம். புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரப்படியே அச்சாகும். லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கினால், பயணம் 3 மணி நேரம் அல்ல. 5 மணி நேர வேறுபாட்டைச் சேர்த்து 8 மணி நேரம்.